பூஜ்யம் என்று வந்த விடை: எக்ஸ்எம்எல் பெயர்வெளி பற்றி ஒரு விமர்சனம்

செங்கம் வட்டார நடுகற்களை இரா. நாகசாமியின் பதிப்பில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் நூலாக வெளியிட்டது. இங்கே கண்ணமங்கலத்திலிருந்து பார்த்தால் தெரியும் ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கத்துக் கதை அது. தொறு மீட்கப் போய்ச் செத்தவர்களின் பெயர்கள். பயிற்சிக்காகச் சில நடுகல் வாசகங்களை டிஇஐ முறையில் எக்ஸ்எம்எல்லாக ஏற்றி வருகிறேன். கல்வெட்டுக்கென்றே அதில் எபிடாக் என்றொரு கிளை உண்டு. கல்லில் இருக்கும் எழுத்து எது, சிதைந்த இடத்தில் படித்தவர் ஊகித்து நிரப்பியது எது என்று பிரித்துக் காட்டும். நிரப்பியதற்கு 'சப்ளைடு' என்று குறி.

ஒருநாள் ஊகித்த எழுத்துகளை எண்ணச் சொன்னேன். விடை பூஜ்யம். சந்தோஷமா "இவற்றில் ஊகமே இல்லை"ன்னு குறிப்பும் எழுதிட்டேன். மறுநாள் என் நோட்டைப் புரட்டினால் ஒரு வீரனின் பெயரில் பாதி சதுர அடைப்புக்குள் இருக்கிறது. அதாவது ஊகம். அதைக் கல் சொன்ன சாட்சியாக எழுத இருந்தேன்!

தப்பு என்னுடையதுதான். கோப்பில் இருந்த இணைய முகவரிகளையெல்லாம் 'எச்டிடிபி'யிலிருந்து 'எச்டிடிபிஎஸ்' என்று ஒரே தட்டில் மாற்றியிருந்தேன். அதில் டிஇஐயின் பெயர்வெளியும் சேர்ந்து மாறிப்போச்சு.

பெயர்வெளி என்பது என்ன? கண்ணமங்கலம் என்று கேரளத்திலும் ஓர் ஊர் இருக்கிறது, மலப்புறம் மாவட்டத்தில். ஆரணிப் பக்கமா, மலப்புறமா என்று சொன்னால்தான் கடிதம் போய்ச் சேரும். அதேபோல 'டைட்டில்' என்ற குறி டிஇஐயிலும் உண்டு, வலைப்பக்கத்திலும் உண்டு, நூலகப் பதிவிலும் உண்டு. எது எதுவென்று பிரிப்பதற்கு டபிள்யூ3சி 1999 ஜனவரியில் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. குறியின் முன்னொட்டு வெறும் செல்லப்பெயர். அசல் அடையாளம் அந்த முகவரிதான், அதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவார்கள். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் வேறு ஊர்.

இங்கேதான் எனக்கு அந்த விதிமேல் கோபம். போய்ப் பார்க்க வேண்டியதே இல்லாத ஒரு அடையாளத்துக்கு ஏன் இணைய முகவரி வேஷம்? உலகத்தில் மோதாத பெயர் வேண்டும் என்பது நியாயம். ஆனால் வேஷத்தைப் பார்த்தவன் திருத்தத்தான் செய்வான். இரண்டாவது குறை: முன்னொட்டு இல்லாமல் அறிவிக்கும் இயல்புப் பெயர்வெளி குறிகளுக்கு மட்டும் பொருந்தும், பண்புகளுக்குப் பொருந்தாது. அதனால் மொழியைக் குறிக்க 'எக்ஸ்எம்எல்' முன்னொட்டோடு 'லாங்' என்று எழுதுவது ஒன்று, வெறும் 'லாங்' வேறொன்று. முதலாவதைத்தான் டிஇஐயின் ஐந்தாம் பதிப்பு ஏற்கிறது. இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு கையால் எழுதுவது கஷ்டம்.

அதைவிடப் பெரிய ஆபத்து, இந்தப் பிழை கத்தாது. கோப்பு இலக்கணச் சுத்தமாகத் திறக்கும். தேடினால் மட்டும் பூஜ்யம் வரும். "இல்லை" என்பதும் "நான் தப்பான ஊரில் தேடினேன்" என்பதும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

இப்போது நான் செய்வது: சரங்களை ஒட்டி எக்ஸ்எம்எல் எழுதுவதில்லை, எழுதுவதற்கென்று இருக்கும் நூலகத்திடமே விட்டுவிடுகிறேன். பெயர்வெளி முகவரி நிரலில் ஒரே இடத்தில் மாறிலியாக இருக்கும், வேறெங்கும் தட்டச்சு செய்வதில்லை. பைதானின் எலிமெண்ட்ட்ரீ 'என்எஸ்0' என்று அசிங்கமான முன்னொட்டு போட்டால் பதற வேண்டாம், பொருள் மாறவில்லை. அழகு வேண்டுமானால் முன்னொட்டைப் பதிவு செய்துவிடலாம், தேடி மாற்றக் கூடாது. எழுதி முடித்ததும் கோப்பைத் திரும்பப் படித்து, டிஇஐ இலக்கணத்தோடு சரிபார்த்து, குறிகளை எண்ணி நோட்டோடு ஒப்பிடுகிறேன்.

அந்த வீரனின் பெயரில் எத்தனை எழுத்து கல்லில் மிச்சம் என்பது இப்போது கோப்பிலும் சரியாக இருக்கிறது. உங்களுக்கும் பூஜ்யம் வந்தால் முதலில் ஊர்ப் பெயரைப் பாருங்க.