ஒட்டுவதற்கு முன்

ஏரியல் என்ற பாய்மரப் படகின் மொத்த எடை ஏறத்தாழ 2,300 கிலோ. அதில் சுமார் 1,130 கிலோ காரீயம். படகின் பாதி எடை கண்ணில் படாத அடிவயிற்றில் கிடக்கிறது. ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கார்ல் ஆல்பெர்க் வரைந்த இந்தப் படகை, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பியர்சன் நிறுவனம் 1962இல் கொண்டுவந்தது. நீளம் 26 அடிக்குச் சற்றுக் குறைவு. காற்று பாயைச் சாய்க்கும்போது படகை நிமிர்த்துவது இந்தக் காரீயம்தான். இத்தனை எடையும் 100 லிட்டர் இடத்துக்குள் அடங்கிவிடும். அதே எடைக்கு வார்ப்பிரும்பு என்றால் ஒன்றரை மடங்கு இடம் கேட்கும்.

அந்தக் காலத்து ஃபைபர்கிளாஸ் படகுகள் பலவற்றில், தனியே வார்த்த காரீயக் கட்டியை ஏராவின் உள்ளே, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் இறங்கும் கீலின் குழிவுக்குள், இறக்கி மேலே மூடிவிடுவார்கள். கட்டிக்கும் ஃபைபர்கிளாஸ் ஓட்டுக்கும் நடுவே ஆங்காங்கே இடைவெளி நின்றுவிடும். பாறையில் உரசி ஓடு கீறினால் தண்ணீர் அந்த இடைவெளியில் புகுந்து தங்கும். குளிர்நாட்டில் அது உறைந்து ஒன்பது சதவீதம் விரியும். ஓடு மெல்ல மெல்லக் காரீயத்தை விட்டுப் பிரியும்.

இதைச் செப்பனிடும் கலையை நான் ரசிப்பதற்குக் காரணம் ஒன்றுதான். எபாக்ஸிப் பசை கலக்கும் நேரம் மிகக் குறைவு. அதற்கு முந்தைய வேலைதான் முக்கால் பங்கு. ஒட்டு நிற்பதும் விடுவதும் அந்த முக்கால் பங்கில் முடிவாகிவிடுகிறது.

முதலில் வேலை செய்வது காது. சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்ப்பதுபோல், சின்னச் சுத்தியலால் ஏரா முழுவதும் தட்டிக்கொண்டே போகிறார்கள். ஓடும் காரீயமும் ஒன்றிய இடத்தில் ஒலி இறுகி வரும். பிரிந்த இடத்தில் பொக்கென்று கேட்கும். பொக்கின் எல்லையைச் சாக்கட்டியால் கோடிட்டால், உள்ளே இருக்கும் வெற்றிடத்தின் வரைபடமே வெளியே வந்துவிடும். தாழ்வான முனையில் துளையிட்டதும் பழைய தண்ணீர் சொட்டும். சில படகுகளில் அது காடி போலப் புளித்து நாறும். பாலியெஸ்டர் ரெசினோடு நெடுநாள் ஊறியதன் அடையாளம் அது.

அடுத்தது காயவிடுதல். கூரையின் கீழ் வாரக்கணக்கில், தேவையானால் மாதக்கணக்கில். இங்கே அவசரப்பட்டவர் ஈரத்தையே உள்ளே வைத்து மூடுகிறார். பிறகு கிரைண்டர் வருகிறது. உடைந்த ஓட்டின் விளிம்பைச் செங்குத்தாக விடாமல், தடிமனைப்போல் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரித்து எடுக்கிறார்கள். ஓடு 6 மில்லிமீட்டர் என்றால் சரிவு 72 மில்லிமீட்டர். உடைசலைவிடப் பல மடங்கு பெரிய பரப்பை நல்ல ஓட்டிலேயே தேய்த்தெடுக்கக் கை கூசும். ஆனால் புதிய துணி பற்றிக்கொள்வது அந்தச் சரிவைத்தான்.

காரீயத்தோடு பழகுவது தனி நுட்பம். தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிய பரப்பு, காற்றுப் பட்டவுடன் மீண்டும் ஆக்சைடு பூத்து மங்கிவிடும். எபாக்ஸி அந்தப் பூப்பின்மீது ஒட்டினால் ஒட்டியதாகாது. அதனால் முதலில் எபாக்ஸியைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே கம்பித் தூரிகையால் உலோகத்தைத் தேய்க்கிறார்கள். புதுக் காரீயம் காற்றைக் காணும் முன்பே பசையைக் காண்கிறது. காரீயத்தூள் நஞ்சு; அது பறக்காமல் ஈரத்திலேயே பெரும்பாலும் அடங்கிவிடுவது இன்னொரு நன்மை. ஆனாலும் முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

இதன் பிறகே கலவை. மிச்சிகன் மாநிலத்தின் கூஜன் சகோதரர்கள் புகழ்பெறச் செய்த வெஸ்ட் சிஸ்டம் எபாக்ஸியில், வழக்கமான ஹார்டனர், அதாவது இறுக்கும் பொருள், என்றால் ஐந்து பங்கு ரெசினுக்கு ஒரு பங்கு. ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது தவறு. அளவு பிசகினால் கலவை சரியாக இறுகவே இறுகாது. வெற்றிடத்துக்குக் கீழ்த்துளை வழியே மெதுவாக ஏற்றி, மேல்துளையில் குமிழியில்லாமல் வழியும்வரை பார்த்திருக்க வேண்டும். வேகமாக அழுத்தினால் ஓடே பிதுங்கிப் பிரியும். ஒரேயடியாக ஊற்றினால் இறுகும்போது எழும் சூடு வெளியேற வழியின்றிக் கலவை புகைந்து விரிசல் விடும். எனவே கொஞ்சம் ஊற்றி, ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம். இப்படி ஐந்து லிட்டர் நிரப்பினாலும் கூடும் எடை ஆறு கிலோ அளவுதான். ஆல்பெர்க் கணக்கிட்ட சமநிலைக்கு ஊறில்லை.

கண்ணுக்கு விருந்து கடைசியில்தான். சாய்வாகக் குறுக்கிட்ட இழைகள் கொண்ட வெண்ணிறக் கண்ணாடித் துணி, எபாக்ஸி ஊற ஊறத் தெளிந்து மறைந்துபோகிறது. எங்காவது வெண்புள்ளி நின்றால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது. உருளையால் உருட்டி அதை விரட்டுவார்கள். ஒவ்வொரு அடுக்கும் அளவில் வேறுபடும். எல்லா விளிம்பும் ஒரே கோட்டில் முடிந்தால் அங்கே பலவீனம் குவியும். இறுகிய எபாக்ஸியின் மேல் மெழுகுபோல் ஒரு படலம் படியலாம். அதைத் தண்ணீரால் கழுவிய பிறகே உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் அந்தப் படலமே பள்ளங்களில் ஏறி, அடுத்த பூச்சைப் பிடிக்க விடாது.

பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்த ஏராவெல்லாம் ஒன்றுபோலத்தான் மின்னும். ஆகவே பழைய படகு ஒன்றை வாங்கப் போகிறவர் மினுமினுப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். எத்தனை நாள் காயவிட்டீர்கள், சரிவு எவ்வளவு தூரம் எடுத்தீர்கள், காரீயத்தை எப்படித் தேய்த்தீர்கள் என்று கேட்கட்டும். உள்ளதை உள்ளபடி, சலிக்காமல், நாள் கணக்கோடு சொல்லக்கூடியவர் தொட்ட ஏராவை நம்பிக் கடலில் இறங்கலாம்.