பணியிடத்தில் மறைத்துவைத்த துப்பாக்கி

2011-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு மருந்தாளர்களின் வாழ்வு துப்பாக்கியின் நிமித்தம் திசைமாறிற்று. மிஷிகன் மாநிலத்தில், இரவெல்லாம் திறந்திருக்கும் மருந்துக்கடை ஒன்றினுள் விடியுமுன்னர் ஆயுதபாணிகளான கொள்ளையர் புகுந்தபோது, அங்கே பணியிலிருந்த மருந்தாளர் தம்மிடம் மறைத்துவைத்திருந்த கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். எவருக்கும் காயமின்றிக் கொள்ளையர் ஓடிப்போயினர். முன்பொருமுறை அதே கடையில் கொள்ளைக்கு உள்ளாகி, அதன்பின் சட்டப்படி உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்துக்கொண்டவர் அவர். சில நாட்களுக்குள் அவருடைய நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. அவர் தொடுத்த வழக்கையும் 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. அதே 2011 மே மாதத்தில் ஓக்லஹோமா நகரத்தில், தாம் பணிபுரிந்த கடைக்குக் கொள்ளையிட வந்த 16 வயதுச் சிறுவனைத் தலையில் சுட்டு வீழ்த்தி, அவன் கூட்டாளியைத் தெருவரை துரத்திச் சென்று, திரும்பிவந்து, வேறொரு துப்பாக்கியை எடுத்து, தரையில் கிடந்தவன்மீது மேலும் ஐந்துமுறை சுட்ட மற்றொரு மருந்தாளரை ஜூரிகள் முதல்தரக் கொலைக் குற்றவாளியெனத் தீர்மானித்தனர். முதலாவது குண்டை அரசுத் தரப்பே தற்காப்பென ஏற்றுக்கொண்டிருந்தது. அவரைச் சிறைக்கு அனுப்பியவை பின்வந்த ஐந்து குண்டுகள்.

வேலைக்குப் புறப்படும்போது துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொள்வதா, வீட்டிலேயே வைத்துப்போவதா என்னும் கேள்வியை அந்நாட்டார் பெரும்பாலும் உரிமையின் பாஷையிலேயே பேசுகிறார்கள். அரசியல் சாசனத்தில் 1791-இல் நிறைவேறிய இரண்டாவது திருத்தத்தையும், பொதுவெளியில் ஆயுதம் தாங்கும் உரிமையை உறுதிசெய்த 2022-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும், உரிமம் ஏதுமின்றியே மறைத்து ஏந்திச் செல்ல அனுமதிக்கும் மாநிலங்கள் 29 ஆகிவிட்டதையும் ஒரு சாரார் எடுத்துக்காட்டுவர். ஆனால் அரசியல் சாசனம் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தையேயன்றித் தனியார் முதலாளியை அன்று. மொன்டானா நீங்கலாக ஏனைய மாநிலங்களில் தக்க காரணம் காட்டாமலே ஒரு தொழிலாளியை நீக்கிவிடும் அதிகாரம் பொதுவிதியாக முதலாளிக்கு இருக்க, தெருவில் பிரஜையாக நடந்துவந்தவர் கடை வாசற்படியைத் தாண்டியதும் ஊழியராகிவிடுகிறார். டெக்ஸாஸில் சட்டப்பிரிவின் எண்ணைக்கொண்டே முப்பது-பூஜ்யம்-ஆறு என வழங்கும் துப்பாக்கித் தடை அறிவிப்புப் பலகை, ஒரு அங்குலத்துக்குக் குறையாத எழுத்துக்களில், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் வாசலில் நின்று அந்த எல்லையை உணர்த்துகிறது.

இந்த எல்லையை நகர்த்தும் முயற்சி வாகன நிறுத்துமிடத்தில் தொடங்கிற்று. 2002-இல் ஓக்லஹோமாவின் காகித ஆலை ஒன்றில், மான் வேட்டைக் காலம் தொடங்கிய நாளில், ஊழியர்களின் வண்டிகளைச் சோதித்து, துப்பாக்கிகள் கண்டெடுக்கப்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதன் எதிரொலியாக, பூட்டிய வண்டிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை முதலாளி தடுக்கலாகாது என்று அம்மாநிலம் 2004-இல் சட்டமியற்ற, புளோரிடாவும் ஜார்ஜியாவும் 2008-லும் டெக்ஸாஸ் 2011-லும் அவ்வழியே சென்றன. இதனைச் சமரசம் என்று கொண்டாடுவோர் உண்டு. எனக்கு அது அரைகுறையான சமரசமாகவே தோன்றுகிறது. ஆபத்து வரும் நிமிடத்தில் வண்டியிலுள்ள துப்பாக்கி உரியவர் கைக்கு எட்டுவதில்லை. அவர் உள்ளே வேலை செய்யும் எட்டுமணி நேரமும் கண்ணாடியை உடைக்கும் திருடனுக்கோ அது எட்டுகிறது.

மறைத்து ஏந்துவதன் பக்கத்திலுள்ள நியாயத்தை முழுவலிமையோடு எடுத்துரைக்காமல் அதனை மறுப்பது நேர்மையாகாது. அந்நாட்டில் 1994-இல் பணியிடங்களில் 1,080 பேர் கொலையுண்டனர். 2022-இல் அத்தொகை 524. ஏறக்குறைய பாதியாகக் குறைந்தும், நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆண்டுதோறும் வேலைக்குச் சென்றவரைப் பறிகொடுக்கின்றன. இக்கொலைகள் எல்லாத் தொழில்களிலும் ஒரேவிதமாகப் பரவிக்கிடப்பவையும் அல்ல. டாக்சி ஓட்டுபவர், பெட்ரோல் நிலையத்தில் இரவுமுறை பார்ப்பவர், நம் நாட்டினர் பலர் குடியேறிய பின் ஜீவனோபாயமாகக் கொண்ட நெடுஞ்சாலை விடுதியின் முன்மேசையில் தனித்திருப்பவர் போன்றோர்மீதே மிகுதியாக விழுகின்றன. போலீசார் வந்துசேரும்வரை செல்லும் நிமிடங்களை அவர்கள் தனியே கடந்தாக வேண்டும். ஆயுதம் பயன்படுவதே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2022 ஜூலையில் இந்தியானா மாநிலத்துக் கிரீன்வுட் வணிக வளாகத்தில் மூவரைக் கொன்றுவிட்டுத் தொடர்ந்து சுட்டுக்கொண்டிருந்தவனை, அங்கே வந்திருந்த 22 வயது இளைஞர் ஒருவர் சில வினாடிகளுக்குள் சுட்டு வீழ்த்தினார். அந்த வளாகத்தின் விதியோ உள்ளே துப்பாக்கி கூடாதென்பது. அவர் விதிக்குப் பணிந்திருந்தால் இன்னும் எத்தனை பிணங்கள் விழுந்திருக்குமோ என்று கேட்பவரை எளிதில் வாயடைத்துவிட முடியாது.

ஆயினும், அத்தகைய ஒரு நிமிடத்துக்காக ஓராண்டின் ஏனைய வேலைநேரம் முழுவதும் அந்த ஆயுதத்தோடு குடித்தனம் நடத்தியாக வேண்டும் என்பதை இக்கேள்வியை விவாதிப்போர் போதிய அளவு எண்ணிப்பார்ப்பதில்லை. காற்சட்டையின் உட்புறம், வலது இடுப்பெலும்பை ஒட்டி, விசையை முழுவதும் மூடும் கெட்டியான உறைக்குள், குழலில் தோட்டா ஏற்றிய நிலையில் அது இருக்கிறது. நாற்காலியில் சாய்ந்தால் அடிப்பாகம் விலாவில் குத்துகிறது. கீழ்த்தட்டிலிருந்து கோப்பை எடுக்கக் குனிந்தால் சட்டை மேலேறுகிறது, அல்லது துணியின்மேல் அதன் வடிவம் புடைத்துத் தெரிகிறது. கழிவறைக்குச் செல்கையில் இடுப்புவாரைத் தளர்த்த வேண்டியிருப்பதால், அதனை எடுத்துக் காகிதச் சுருள் பெட்டியின்மேல் வைத்து, தொலைபேசி மணி கேட்ட அவசரத்தில் அங்கேயே மறந்து வெளியேறியவர்களின் செய்திகள் பள்ளிக்கூடங்களிலிருந்துகூட வந்திருக்கின்றன. கைப்பையில் வைத்துக்கொள்வோரின் நிலை இதனினும் மோசம். பை நாற்காலியில் தொங்க, அதன் சொந்தக்காரர் கூட்ட அறையில் இருப்பார். உடலைவிட்டுப் பிரியாத, பிறர் கண்ணில் படாத, ஒருகணமும் அசட்டை செய்யாத ஒரு கவனத்தை ஆண்டுக்கணக்கில் காத்துக்கொள்ள வல்லவர் எத்தனை பேர்?

குறி தவறுவதைக் குறித்தும் சிறிது சொல்ல வேண்டும். நியூயார்க் போலீசாரைப் பற்றி ராண்ட் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, எதிரியும் திருப்பிச் சுடும் மோதல்களில் அவர்களின் குண்டுகளில் 18 சதவிகிதமே இலக்கைத் தொட்டதாகக் காட்டிற்று. பயிற்சியையே தொழிலின் பகுதியாகக் கொண்டவர்களின் கதி இதுவென்றால், எப்போதேனும் காகித இலக்கைச் சுட்டுப் பழகிய கணக்கரின் ஏனைய குண்டுகள் யார்மேல் பாயும்? மெல்லிய அட்டைச் சுவரால் பிரிக்கப்பட்ட அடுத்த அறையில் அவருடைய சகஊழியர் அமர்ந்திருக்கிறார். குறி தவறாதவரும் தப்புவதில்லை என்பதற்கு 2021-இல் கொலராடோவின் ஆர்வடா நகரில் நிகழ்ந்தது சாட்சி. போலீஸ் அதிகாரி ஒருவரைக் கொன்றவனைத் துணிச்சலாகச் சுட்டு வீழ்த்திய ஒரு மனிதர், அக்கொலைகாரனின் துப்பாக்கியைக் கையில் ஏந்தி நின்றபோது, ஓடிவந்த மற்றொரு அதிகாரி அவரையே கொலைகாரன் என்றெண்ணிச் சுட்டுக்கொன்றார். அவரது வீரத்தை எண்ணும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. சாதாரண உடையில் துப்பாக்கியோடு நிற்கும் எவரையும் அக்கணத்தில் இனம்பிரித்தறிய வழியில்லை.

புள்ளிவிவரங்களை இருசாராரும் ஆயுதமாக்குவர். வட கரோலைனாவை ஆதாரமாகக் கொண்டு 2005-இல் வெளியான ஆய்வு, துப்பாக்கியை அனுமதித்த பணியிடங்களில் ஊழியர் கொலையுறும் வாய்ப்பு, எல்லா ஆயுதங்களையும் தடைசெய்த இடங்களைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு எனக் கண்டது. இந்தத் தொகை என் பக்கத்துக்கு உதவுவதாயினும் அதன்மேல் முழுப்பாரத்தையும் ஏற்ற நான் துணியேன். ஆபத்து மிகுந்த தொழில்களே துப்பாக்கியை அனுமதித்திருக்கவும் கூடும், எது காரணம் எது காரியம் என்பதை அவ்வகை ஆய்வால் அறுதியிட இயலாது. மறுதரப்பார் 1995-இல் மதிப்பிடப்பட்ட, ஆண்டுக்கு 25 லட்சம் தற்காப்புச் சம்பவங்கள் என்பதைச் சொல்வர். அரசாங்கத்தின் சொந்தக் கணக்கெடுப்போ அதில் சிறு பின்னத்தையே காண்கிறது. இவ்வளவு அகன்ற இடைவெளியுள்ள எண்களைக்கொண்டு தீர்மானிப்பதைவிட, அவரவர் தொழிலின் தன்மையைக்கொண்டு தீர்மானிப்பதே விவேகம்.

என் அபிப்பிராயம் இது: பலர் கூடி வேலைசெய்யும் அலுவலகத்திலும் ஆலையிலும் பள்ளியிலும் மறைத்த துப்பாக்கி, அது தடுக்கக்கூடிய தீமையைக்காட்டிலும் அதிகமான அபாயத்தை, சம்மதம் கேட்கப்படாத சகஊழியர்மேல் சுமத்துகிறது, அங்கே அது கூடாது. நள்ளிரவில் தனித்து நிற்கும் கல்லாக்காரர் விஷயத்தில் அதே திடத்தோடு என்னால் பேச முடியவில்லை. அவரிடமிருந்து தற்காப்பைப் பறிக்கும் முதலாளி அதற்கீடாக எதைக் கொடுத்தார் என்பதே அங்கு முதற்கேள்வி. விடை தெரியாத கேள்வியன்று அது. புளோரிடாவின் சட்டம் இரவில் திறந்திருக்கும் சில்லறைக் கடைகளுக்குக் கண்காணிப்புக் காமிராவையும், போட்ட பணத்தை ஊழியரால் திரும்ப எடுக்க இயலாத பெட்டகத்தையும், ஒளிமிக்க நிறுத்துமிடத்தையும், கல்லாவில் 50 டாலருக்கு மேல் இல்லையென்னும் அறிவிப்பையும், தெருவிலிருந்து கல்லா தெரியும்படியான ஜன்னலையும் விதிக்கிறது. கொலையோ கொள்ளையோ நிகழ்ந்த கடையாயின் இரவு 11 முதல் காலை 5 வரை இரண்டு ஊழியர்களையோ, குண்டு துளைக்காத அடைப்பையோ, காவலாளையோ அமர்த்தவும் கட்டளையிடுகிறது. கொள்ளைக்காரனை அழைப்பது கல்லாவிலுள்ள பணமும் காண்போரில்லாத தனிமையும் என்பதை உணர்ந்து, துப்பாக்கி எடுக்கும் நிலைமையே தோன்றாமல் செய்யும் ஏற்பாடு அது. டாக்சிக்காரரையும் விடுதியின் இரவு எழுத்தரையும் அது தொடுவதில்லை. அவர்களுக்கும் அவ்விதப் பாதுகாப்பை ஏற்படுத்தித் தராத முதலாளி வாசலில் தடைப்பலகையை மட்டும் மாட்டுவாரானால், அப்பலகையை மீறித் துப்பாக்கியோடு வரும் ஊழியரை வேலையிலிருந்து நீக்கும் தார்மிக அதிகாரம் அவருக்கு உண்டென நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.