கல்லில் ஓர் ஓய்வு

மாமல்லபுரத்துக்கு விடுமுறையில் வருகிறவர்கள் கடலில் கால் நனைத்துவிட்டு, வெயில் ஏறியதும் கிளம்பிவிடுகிறார்கள். அந்த உச்சிவேளைதான் குன்றின் மேலிருக்கும் மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்கு உகந்தது. வெளியே பாறை கொதிக்கும். உள்ளே நிழல் குளிர்ந்திருக்கும். ஒரு சுவரில் சிங்கத்தின் மேலமர்ந்து துர்க்கை போரிடுகிறாள். எதிர்ச்சுவரில் திருமால் பாம்பணையில் கண்ணயர்ந்திருக்கிறார். போருக்கும் உறக்கத்துக்கும் இடையே தலையைத் திருப்பும் தூரம்தான்!

பல்லவச் சிற்பிகளுக்கு ஓய்வின் அழகு தெரிந்திருக்கிறது. அர்ச்சுனன் தபசு என்னும் பாறைச் சிற்பத்தில் பெரிய யானையின் காலடியில் குட்டிகள் ஒண்டியிருக்கின்றன. கீழே ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிகிறது. பக்கத்திலேயே குரங்குக் குடும்பம் பேன் பார்க்கிறது. இந்த ஊரிலேயே எனக்குப் பிடித்த சிற்பம் அந்த மான்தான்.

1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த சின்னங்கள் இவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க ஓடாதீர்கள். ஒரு மண்டப நிழலில் ஒரு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு வாருங்கள்.