கருமுட்டையின் தரத்தை மரபணு சொல்லுமா?

“முட்டை நிறைய இருக்கும்மா, ஆனா தரம் சரியில்லை.” நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓஎஸ் உள்ள பெண்கள் கருத்தரிப்பு மையங்களில் கேட்டுக் கலங்கும் வாக்கியம் இது. அந்தத் தரத்தை மரபணு அடையாளங்களால் முன்கூட்டியே அறியலாம் என்ற நம்பிக்கைக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைப் பிரிக்க வேண்டும். பிசிஓஎஸ் வருவதற்கான மரபணுவும் முட்டையின் தரத்தைக் காட்டும் மரபணுவும் ஒன்றல்ல. 2011இல் சீனப் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு டென்ட்1ஏ, தாடா முதலிய மரபணுக்களின் பக்கம் கைகாட்டியது. 2018இல் ஐரோப்பிய வம்சாவளியினரில் பிசிஓஎஸ் உள்ள சுமார் 10,000 பெண்களை ஆராய்ந்து மரபணுத் தொகுதியில் 14 இடங்களைக் குறித்தார்கள். இவை யாருக்கு நோய் வரக்கூடும் என்று சொல்கின்றன. முட்டை நல்லதா என்ற கேள்வி அந்த ஆய்வுகளில் கேட்கப்படவே இல்லை.

முட்டையையே நேராகப் படித்த முயற்சியும் உண்டு. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், பிசிஓஎஸ் பெண்களின் முட்டைகளில் 374 மரபணுக்களின் செயல்பாடு மாறியிருந்தது. ஆனால் படிப்பதற்காக முட்டையை அழித்தாக வேண்டும். அது குழந்தையாகியிருக்குமா என்பதை அதன்பின் யாராலும் சோதிக்க முடியாது. வேறுபாடு தெரிந்தது, அது குறைபாடு என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இந்தச் சிக்கலுக்கு வழி காட்டியவை முட்டையைச் சூழ்ந்திருக்கும் கியூமுலஸ் செல்கள். விந்தணுவை ஊசியால் செலுத்தும் இக்ஸி சிகிச்சையில் இவற்றை நீக்கிவிடுகிறார்கள். ஆகவே முட்டைக்குச் சேதமில்லாமல் ஆராயலாம். எச்ஏஎஸ்2, பிடிஜிஎஸ்2, கிரெம்1 ஆகிய மூன்றும் கூடுதலாக இயங்கிய இடத்தில் நல்ல கரு உருவானதாக 2004இல் ஓர் ஆய்வு சொன்னது. முட்டை சுரக்கும் ஜிடிஎஃப்9 என்ற புரதம் இவற்றைத் தூண்டுகிறது என்பதால் இதன் உயிரியல் அடித்தளம் உறுதியானது. நான் படித்தவற்றில் மிகவும் மதிக்கத்தக்க யோசனை இதுவே. ஆனாலும் இது தாய் தந்தையர் வழி வந்த எழுத்தல்ல, அன்றைய நிலவரம். வயது, முட்டை வளரப் போட்ட ஊசி, இன்சுலின் எல்லாம் அதை அசைக்கும். ஒரு ஆய்வகத்தின் பட்டியலில் முன்னிற்கும் மரபணு இன்னொன்றின் பட்டியலில் காணாமல் போகிறது. இதைவிடப் பெரிய குறை, பிசிஓஎஸ் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிடுவதிலேயே பல ஆய்வுகள் நின்றுவிடுவது. சிகிச்சைக்கு வந்த பெண்ணுக்கு வேண்டியதோ, தன்னுடைய பதினைந்து முட்டைகளில் எது நல்லது என்ற பதில்.

உண்மையான அடையாளம் எப்படியிருக்கும் என்பதற்கு டப்8 உதாரணம். அந்த மரபணு பழுதானால் முட்டை முதிராமலே நின்றுவிடுகிறது. குடும்பங்களிலும், எலி முட்டையிலும் இதை 2016இல் நிறுவினார்கள். ஆனால் அது அரிய கோளாறு, பிசிஓஎஸ் அல்ல.

இன்னும் அடிப்படையான கேள்வி ஒன்று இருக்கிறது. பிசிஓஎஸ் முட்டை தரம் குறைந்ததுதானா? உடலுக்கு வெளியே கருவாக்கும் ஐவிஎஃப் சிகிச்சையின் முடிவுகளை 2006இல் தொகுத்துப் பார்த்தபோது, இப்பெண்களிடம் முட்டைகள் கூடுதலாகக் கிடைத்தன; கருத்தரிப்பு விகிதம் மற்றவர்களுக்கு ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. 2016இல் 1,508 பிசிஓஎஸ் பெண்களை இரு பிரிவாக்கிச் சீனாவில் செய்த சோதனை இன்னும் தெளிவானது. கருவை உடனே வைத்தபோது 42.0 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது. உறைய வைத்துப் பிறகு வைத்தபோது 49.3 சதவீதம். இரு பிரிவிலும் ஒரே வகை முட்டைகள்தான். மாறியது, கருவை வைத்த நேரமும் கருப்பையின் நிலையும்.

ஆகவே என் தீர்ப்பு: கியூமுலஸ் ஆய்வுகள் தொடர வேண்டும், அவற்றுக்குப் பணமும் பொறுமையும் தேவை, ஆனால் பிசிஓஎஸ் பெண்ணின் முட்டைத் தரத்தைச் சொல்லும் எந்த மரபணுச் சோதனையும் இன்று மருத்துவமனைக்குத் தகுதி பெறவில்லை. அப்படியொரு சோதனைக்குக் கட்டணம் கேட்டால், சகோதரி, இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “இதை வைத்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, தேர்ந்தெடுக்காதவர்களைவிட அதிகக் குழந்தைகள் பிறந்ததாக நிரூபித்த ஆய்வு எது?”