கலப்பையும் ஜோல்னாப்பையும்

ஆடவன் ஒருவன் தோளிற் பையொன்றைத் தொங்கவிட்டு வீதியிற் செல்வானாயின், காண்போர் அவன் முகத்தை நோக்குமுன் அப்பையை நோக்கியே அவனை இன்னான் என முடிவுசெய்து விடுகின்றனர். பை தோலினாலாகி ஒரு நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருப்பின் அவன் உத்தியோகத்தன்; கடிதங்கள் நிறைந்த காக்கிப் பையாயின் தபாற்காரன்; கைத்தறித் துணியால் தைத்து இடுப்பின் கீழே தொங்குமாயின் அவன் கவிஞன், அன்றேற் கட்சிக்காரன், அன்றேல் வேலையற்றவன். இம்மூன்றாவது பைக்கே ஜோல்னாப்பை என்னும் பெயர் வழங்குகின்றது. வடநாட்டார் கூறும் ஜோலா என்பதன் திரிபு அது. அப்பையைச் சுமந்து வருவோனைக் கண்டவுடன் எள்ளற் புன்னகையொன்று எழுதல் வழக்கமாகி விட்டது. அப்புன்னகையின் பிறப்பு ஆராயத்தக்கது. தமிழிலக்கியம் தோளிற் பையுடையானை எள்ளிக்கொண்டு தொடங்கவில்லை என்பது அதனைப் பயின்றோர் அறிந்ததே.

சங்கச் செய்யுட்களிற் பாணரும் கூத்தரும் விறலியரும் ஓரூரில் நிலைத்திராது வழிநடப்போராகவே காட்சி தருகின்றனர். அவர்தம் உடைமை இசைக்கருவிகள். அவற்றை இட்டுச் சுமக்கும் பைக்குக் கலப்பை என்று பெயர். இச்சொல்லை முதன்முறை காணும் மாணாக்கர், பாணன் ஏர்க்கலப்பையைத் தூக்கிக்கொண்டு அரசனைக் காணச் செல்வானேன் என மயங்குதல் உண்டு. கலம் என்பதும் பை என்பதும் சேர்ந்து ஆகிய சொல் இது எனக் கூறியபின் அம்மயக்கம் நீங்கும். மயங்குதற்கும் ஓர் அழகிய காரணம் உண்டு. உழவனுக்கு ஏர் எத்தகையதோ கூத்தனுக்கு இப்பை அத்தகையது.

பத்துப்பாட்டுள் இறுதியாக நிற்கும் மலைபடுகடாம் இவ்வகையில் ஊன்றிக் கற்கத்தக்கது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், நன்னன் சேய் நன்னனைப் பாடிய இப்பாட்டு 583 அடிகளை உடையது. கூத்தராற்றுப்படை எனவும் பெயர் பெறும். கூத்தரை நமக்கு அறிமுகஞ் செய்யும் புலவர் அவர்தம் உருவத்தையோ உடையையோ முதலிற் கூறினாரல்லர். பையினைத் திறந்து காட்டுகின்றார். வாரால் இறுக்கிய முழவு, சிறுபறையாகிய ஆகுளி, வெண்கலத் தாளமாகிய பாண்டில், மயிற்பீலி அணிந்த கொம்பு, யானையின் துதிக்கைபோல் நீண்டு பெருமூச்செறியும் தூம்பு, குறுந்தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை எனப் பத்துக் கருவிகள் ஒவ்வொன்றும் தத்தமக்குரிய ஓசையோடும் அடையோடும் நிரலாக வருகின்றன. அதன் பின்னரே, இவையெல்லாம் இட்டுக் கட்டிய பைகள் பலாமரத்திற் கொத்தாகக் காய்த்துத் தொங்கும் காய்களை ஒத்திருந்தன என்னும் உவமை வருகின்றது.

இவ்வுவமையின் சிறப்பைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். பருத்தும் மேடுபள்ளமாகவும் தொங்கும் மூட்டைக்குப் பலாக்காய் உருவத்தாற் பொருந்தும் என்பது வெளிப்படை. ஆயின் அவ்வளவிற் பொருத்தம் நின்றுவிடவில்லை. பலாக்காய் புறத்தே கரடுமுரடானது; அதன் இனிமை அகத்தேயுள்ளது; அதுவும் இனிமேற் கனிய வேண்டியது. பையைச் சுமந்து வெயிலில் நடப்போரின் கலையும் அத்தகையதே. நன்னன் அவைக்களத்திற் பை அவிழ்க்கப்படும்போதே அது கனியும். பையைக் கண்டு சுமப்பவனை அளக்கும் பிற்கால வழக்கத்தையும், பைக்குள் இருப்பது யாதென்று கூறிப் பின் சுமப்பவனைக் காட்டும் இப்புலவர் நெறியையும் ஒப்பிட்டு நோக்கின், எது இலக்கியம் எனக் கூறவேண்டிய தேவையில்லை.

புறநானூற்றின் 206 ஆம் பாட்டிலே இப்பை மற்றொரு வகையில் வருகின்றது. அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தாராது காலம் நீட்டித்தபோது ஔவையார் அவன் வாயிலோனை நோக்கிச் சினந்து பாடியது அது. கருவிகளைக் காவிக்கொண்டாயிற்று, பையையும் சுருக்கிக் கட்டியாயிற்று என்பது அவர் கூற்றின் கருத்து. தச்சனின் கைத்தொழில் வல்ல சிறுவர், கோடரியோடு காட்டினுட் புகுந்தால் எம்மரமும் அவர்க்கு உதவுமன்றோ, புலவர்க்கும் எத்திசை செல்லினும் சோறு உண்டு என்பது அவர் காட்டும் நியாயம். இங்கே பையைக் கட்டித் தோளிலிடுதல் வறுமையின் அடையாளமன்று, மானத்தின் செயல். பாடுவோர் பெண்பாலார் என்பதும் கருதத்தக்கது. அக்காலத்துப் பை ஆண்பாலுக்கோ பெண்பாலுக்கோ உரியதாக வகுக்கப்படவில்லை. காவுதல் என்னும் வினை யாழ்ப்பாணத்தார் நாவில் இன்றும் அன்றாடம் வழங்குகின்றது. வாளியையும் விறகையும் காவுவோர் ஔவையார் வழங்கிய சொல்லைத் தாமும் வழங்குவதை நினைப்பதில்லை.

இதனாற் சங்ககாலத்துப் பாணன் வாழ்வு இன்பவாழ்வெனக் கொள்ளுதல் தவறாகும். ஆற்றுப்படை நூல்கள் பலவும் பசியிலிருந்தே புறப்படுகின்றன. பசி இகழப்பட்டதுமுண்டு, இரங்கப்பட்டதுமுண்டு. பை இகழப்படவில்லை என்பதே ஈண்டுக் கொள்ளற்பாலது.

பையின்மீது ஐயம் விழுவதைக் காணப் பெரியபுராணத்திற்கு வரவேண்டும். திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன், மெய்யெலாம் நீறு பூசி, சடைமுடித்து, ஆயுதம் மறைத்த புத்தகக் கவளியொன்றை ஏந்தி அரண்மனை புகுகின்றான். கவளி தோளிற் றொங்குவதன்று, கையிற் கொள்வது. எனினும் உள்ளிருப்பது தெரியாத பொதி என்னும் அளவில் அதுவும் இவ்வாராய்ச்சிக்கு உரியதே. வேடத்தையே மெய்ப்பொருளெனக் கொண்ட மன்னர் கவளியை அவிழ்த்துக் காட்டெனக் கேட்கவில்லை. ஆகமம் உரைப்பதாகக் கூறியவன் கத்தியை எடுத்தான். கொன்றவனையும் இடையூறின்றி ஊரெல்லை கடத்திவிடுமாறு மெய்காவலனாகிய தத்தனுக்குக் கட்டளையிட்டு நாயனார் உயிர்நீத்தார். சேக்கிழார் இவ்வரலாற்றைக் கூறுமிடத்து முத்தநாதன் உள்ளத்தின் கறுப்பைக் கவளியின் கரவோடு இணைத்தே காட்டுகின்றார். ஆயினும் இனி அடியார் பையெல்லாம் சோதிக்கப்படுக என்னும் முடிவுக்கு அவர் வரவில்லை. அதுவே அக்காவியத்தின் உயர்ச்சி.

வாழ்க்கை அவ்வுயர்ச்சியில் நில்லாது. இலங்கையில் 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரின்போது சோதனைச் சாவடிகளிற் பை திறந்து காட்டுதல் பிரயாணத்தின் ஒரு பகுதியாயிற்று. தோளிற் பையுடைய இளைஞன்மீதே முதலிற் கண் விழுந்தது. பைக்குள் இருந்தவை பெரும்பாலும் புத்தகமும் சோற்றுப் பொதியுமே. 2019 ஏப்ரில் 21 ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுவெடிப்புக்களின் பின்னர், பாடசாலை வாயில்களிற் சிறுவர்தம் புத்தகப்பைகளும் சோதனைக்குள்ளாயின. காப்பு வேண்டியதே என்பதை மறுப்பாரில்லை. ஆயின் தன் பையை அந்நியன் கை துழாவ நின்றுகொண்டிருக்கும் மாணவன் உள்ளத்தில் யாது நிகழ்கின்றது என்பதும் இலக்கியம் வினவவேண்டிய வினாவாகும்.

எள்ளலின் வேர் ஐயத்தினும் ஆழமானது. தமிழர் வழக்கிலே தோள் மதிப்பிற்குரிய இடம். அங்கே கிடப்பது சால்வை. பெரியோர் முன் அதனை இறக்குதல் பணிவு. அவையில் அதனைப் போர்த்துதல் கௌரவம். யாழ்ப்பாணச் சமூகத்தில் ஒடுக்கப்பட்ட சாதியார்க்குத் தோளிற் சால்வையிடும் உரிமை மறுக்கப்பட்டிருந்தமை வரலாறு. அதே தோள்களில் மூட்டை ஏற்றுதற்கு மட்டும் எவரும் தடைசொல்லவில்லை. சால்வை உடையான் பை சுமவான். பை சுமப்பான் சால்வை உடையானல்லன் என்று இவ்வாறு வகுத்த சமூகத்தில், கற்றவனொருவன் சால்வை கிடக்கவேண்டிய தோளிலே தானே பை மாட்டிக்கொண்டு வருதல் ஒழுங்கு குலைந்தது போலத் தோன்றாதா? கனவானின் குடையையும் பெட்டியையும் பின்னே ஒருவன் தூக்கிவருதலே முறையெனப் பட்டது. இவ்வாறு எண்ணியவரே, வந்தியின் பிட்டுக்காக மதுரையில் மண் சுமந்து பிரம்படியும் பட்ட பெருமானைப் புராணபடனத்திற் கேட்டு உருகினர். திருப்பைஞ்ஞீலி வழியில் நாவுக்கரசருக்குப் பொதிசோறு கொண்டு காத்திருந்தவன் அவனே எனக் கேட்டும் கண்ணீர் வடித்தனர். கேட்டது நெஞ்சில் நின்றது, தோளுக்கு இறங்கவில்லை.

மற்றோர் எண்ணமும் உண்டு. பை பெண்டிர்க்குரியது, ஆடவன் தோளில் அது நாணத்தக்கது என்பது. இது தமிழ்நிலத்தில் முளைத்ததன்று. ஐரோப்பாவில் 17 ஆம் நூற்றாண்டு முதலாக ஆடவர் சட்டையிலும் காற்சட்டையிலும் பைகள் உள்ளே தைக்கப்பட்டன. பெண்டிர் பாவாடையின் கீழ் இடுப்பிற் கட்டிய தனிப்பைகளைக் கொண்டிருந்தனர். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெல்லிய ஒடுங்கிய உடை வழக்கிற்கு வரவே, அப்பைகளை மறைக்க இடமின்றிக் கையிற் சிறுபை எடுக்கலாயினர். தையற்காரன் செய்த இவ்வேறுபாடு பின்னர் இயற்கை விதிபோற் கருதப்பட்டது. வேட்டிக்குப் பையில்லை. அதனை உடுத்தோர் காசை மடியிற் செருகினர். வெற்றிலையைக் கொட்டைப்பெட்டியில் வைத்தனர். சந்தைக்குப் பனையோலை உமலைக் காவிச் சென்றனர். எவரும் அவரைப் பெண்டன்மையர் என்றிலர். இன்று மடிக்கணினி இட்ட கரும்பையைத் தோளில் மாட்டிச் செல்லும் ஆடவரையும் எவரும் நகுவதில்லை. பஸ் நடத்துநரின் தோற்பையையும் நகுவதில்லை. பை கொடுத்தவர் ஒரு நிறுவனத்தார் என்றால் அது பதவி. தானே தேர்ந்து எடுத்தானென்றால் அது கோலம்!

ஜோல்னாப்பையின் மதிப்பு முதலில் வேறுவகையாயிருந்தது. காந்தியடிகள் 1927 நவம்பரில் இலங்கை வந்து யாழ்ப்பாணத்திலும் கதர் நிதி திரட்டியபோது, கதர் வெறுந்துணியாக இருக்கவில்லை. தன் வேலையைத் தானே செய்தல், தன் சுமையைத் தானே சுமத்தல் என்னும் கொள்கை அதனோடு நெய்யப்பட்டிருந்தது. கதர்ப்பை அக்கொள்கையின் பையாயிற்று. பின்னர் இடதுசாரித் தோழரும் எழுத்தாளரும் அதனை ஏற்றனர். அதன்பின் வந்தது வேடம். தாடி, ஜிப்பா, பை என்னும் மூன்றும் சேர்ந்தாற் கவிஞன் பிறந்துவிட்டான் என்று நம்பியவரும் உளர்; அவரைச் சிரித்தவரை முழுதும் குறைகூற இயலாது.

குறைகூறத்தக்கவர் எழுதுவோரே. நகைச்சுவைத் துணுக்கும் திரைப்படமும் சிறுகதையும் இப்பையை ஒரு முத்திரையாகக் கொண்டுவிட்டன. பாத்திரமொன்றின் தோளில் ஜோல்னாப்பை இருப்பதாக ஆசிரியர் எழுதிவிட்டால், அவன் பயனற்றவன், கடன்காரன், மேடையிற் பேசுவோன் என்பனவெல்லாம் கூறாமலே பெறப்படும் என எண்ணுகின்றார். இது பாத்திரப் படைப்பன்று. படைப்பிலிருந்து தப்பிக்கும் வழி. அவன் எங்கே செல்கின்றான், யாருக்காகச் செல்கின்றான், பைக்குள் யாது வைத்திருக்கின்றான் என்று கேட்டிருந்தால் ஒரு மனிதன் கிடைத்திருப்பான். பெருங்கௌசிகனார்க்கு இயன்றது இவர்க்கு இயலாமற் போனது சொற்பஞ்சத்தாலன்று, பையை அவிழ்த்துப் பார்க்கும் பொறுமை இன்மையாலேயாம்.

டொமினிக் ஜீவா இவ்விடத்து நினைக்கத்தக்கவர். யாழ்ப்பாணத்திற் சிகையலங்கரிப்பு நிலையம் நடத்தியவர். சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டவர். தண்ணீரும் கண்ணீரும் என்னுஞ் சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966 இல் மல்லிகை என்னும் இதழைத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். 2021 இற் காலமானார். இதழை எழுதுவித்தவரும் பதிப்பித்தவரும் அவரே என்பதோடு, இதழ்க்கட்டைத் தாமே காவிச்சென்று வாசகரைத் தேடி விற்றவரும் அவரே. சால்வை மறுக்கப்பட்ட மரபில் வந்த தோள் அது. ஆசிரியர் என்னும் பெயர் பெற்ற பின்பும் அவர் சுமப்பதற்கு வேறோர் ஆளைத் தேடவில்லை. வீதியில் அவரைக் கண்டோருட் கட்டை மட்டுங் கண்டவரும் உண்டு. நின்று ஒரு பிரதி வாங்கியவர்களுக்கோ, உள்ளே ஈழத்துச் சிறுகதையும் கவிதையும் விமரிசனமும், அடுத்த மாதத்து இதழுக்கு வேண்டிய சந்தாவின் கணக்கும் இருந்தமை தெரியும்.