அம்புக்குறி இல்லாத உலகங்கள்

1992 மார்ச்சில் 'அல்டிமா அண்டர்வேர்ல்ட்' வெளிவந்தது. இரண்டு மாதம் கழித்து, மே மாதத்தில் 'உல்ஃபன்ஸ்டைன் 3டி' வந்தது. இரண்டுமே ஆடுபவரின் கண் வழியாக உலகத்தைக் காட்டிய கணினி விளையாட்டுகள். இரண்டாவதில் ஓடுவது, சுடுவது, கதவு திறப்பது தவிர வேறு வேலை இல்லை. ஐந்து நிமிடத்தில் யாருக்கும் பிடிபட்டுவிடும். அதன் வாரிசாக 'டூம்' வந்தது. இன்று பிள்ளைகள் செல்போனில் கூட்டாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டைகள் வரை அந்த வம்சம் தழைத்திருக்கிறது.

முதலாவது மெதுவானது. கடத்தல் பழி சுமத்தப்பட்ட நாயகனை எட்டு அடுக்குப் பாதாளத்தில் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். பந்தம் எரிந்து தீர்ந்துபோகும். பசிக்கும். எதிரே வரும் விசித்திரப் பிறவிகள் எல்லோரும் பகைவர்கள் அல்லர். பேசலாம், பண்டமாற்று செய்யலாம். நடந்த இடம் வரைபடத்தில் தானாகப் பதியும். அதன்மேல் நம் குறிப்புகளை நாமே எழுதிக்கொள்ளலாம். அதைச் செய்த சிறு குழு பிற்பாடு லுக்கிங் கிளாஸ் என்ற பெயரில் இயங்கியது. தனியாக உட்கார்ந்து ஓர் உலகத்துக்குள் ஒன்றிப்போகிற விளையாட்டுகளின் வரலாற்றைத் துருவினால், பெரும்பாலும் அந்தக் குழுவின் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

சிறு வயதிலிருந்து கணினியில் ஆடிவரும் எனக்கு இந்த வகை மேல்தான் நிரந்தரமான பிடிப்பு. எது ஒரு விளையாட்டுக்குள் நம்மை இழுத்துப் பிடித்து வைக்கிறது என்று கேட்டால், கடைக்காரரும் விளம்பரமும் சொல்லும் பதில் கிராஃபிக்ஸ் கார்டு. ஆனால், இன்று பார்த்தால் அட்டைப்பெட்டிகளை ஒட்டிவைத்ததுபோல் தெரியும் பழைய விளையாட்டுகளில் பல இன்னமும் ஆளை விழுங்குகின்றன. முடிவில்லாத செலவில் செய்த புதியவை சில, இரண்டாம் நாளே சலித்துவிடுகின்றன. காட்சியின் துல்லியம் ஒரு வாரத்துக்கு வியப்பைத் தரும். அதற்குப் பிறகும் ஆளை உள்ளே வைத்திருப்பவை வேறு இரண்டு: அந்த உலகம் தன் விதிகளுக்குத் தானும் கட்டுப்படுவது, ஆடுபவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடாமல் இருப்பது.

விலகாத கண்

1998 நவம்பரில் வால்வ் நிறுவனத்தின் 'ஹாஃப்-லைஃப்' வந்தபோது, கதை சொல்ல வேண்டிய இடங்களில் விளையாட்டை நிறுத்திவிட்டுக் குறும்படம் ஓட்டுவதுதான் வழக்கம். ஹாஃப்-லைஃப் அதைச் செய்யவில்லை. விஞ்ஞானி கோர்டன் ஃப்ரீமன் பிளாக் மேசா ஆய்வுக்கூடத்துக்கு உள்-ரயிலில் வேலைக்குப் போகிறார். சில நிமிடங்கள் அவ்வளவுதான் நடக்கிறது. பூட்டிய பெட்டிக்குள் நின்றபடி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேடிக்கை பார்க்கலாம். கேமரா ஃப்ரீமனின் கண்ணை விட்டு விலகுவதே இல்லை. அவர் ஒரு வார்த்தை பேசுவதும் இல்லை.

2004இல் வந்த 'ஹாஃப்-லைஃப் 2' இதே முறையை அரசியலுக்குப் பயன்படுத்தியது. ரயில் நிலையத்தில் ஒரு காவலன் காலி டப்பாவைத் தரையில் தட்டிவிட்டு, எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடச் சொல்கிறான். போட்டால் சிரித்துக்கொண்டே வழி விடுவான். டப்பாவை அவன் மேலேயே எறிந்தால் தடியோடு துரத்துவான். பொருளைத் தூக்கவும் எறியவும் கற்றுத்தருகிற பாடம்தான் அது. ஆனால் அந்தச் சில நொடிகளிலேயே இந்த ஊரில் ஆள்பவன் யார், நாம் யார் என்பது விளங்கிவிடுகிறது. அந்த நகரத்தை வடிவமைத்த கலை இயக்குநர் விக்டர் அன்டோனோவ், பல்கேரியாவின் சோஃபியாவில் பிறந்தவர். கிழக்கு ஐரோப்பியத் தெருக்களின் சாயல் அதன் சுவரெல்லாம் படிந்திருக்கிறது. பின்னாளில் 'டிஸ்ஆனர்ட்' விளையாட்டின் டன்வால் நகரத்துக்கும் அவர் பங்களித்தார்.

இருட்டும் காலடியும்

அதே 1998இன் இறுதியில் லுக்கிங் கிளாஸ் 'தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்'டை வெளியிட்டது. என் கணிப்பில் இந்த வகையின் தலைசிறந்த படைப்பு அதுவே. கேரட் என்ற திருடன், கத்திச் சண்டையில் சோப்ளாங்கி. இரண்டு காவலர்கள் சூழ்ந்துகொண்டால் கதை முடிந்தது. அவனுக்கு இருப்பது இருட்டு மட்டும்தான்.

திரையின் அடியில் ஒரு மணிக்கல். நாம் வெளிச்சத்தில் நின்றால் அது பளிச்சிடும், நிழலில் ஒதுங்கினால் கறுத்துவிடும். தரைக்குத் தரை ஓசை வேறு: கம்பளத்தில் நடந்தால் சத்தமே வராது, பளிங்கில் டக் டக்கென்று கேட்கும், இரும்புத் தகட்டில் ஊரையே எழுப்பிவிடும். நீர் அம்பு விட்டால் தீவட்டி அணையும். பாசி அம்பு விட்டால் கல் தரையில் பாசி மெத்தை விரியும். கயிற்று அம்பு மரத்தில் மட்டும்தான் குத்தும், கல்லில் குத்தாது. இந்த விதிகள் நமக்கும் பொருந்தும், காவலர்களுக்கும் பொருந்தும். மூலை திரும்பி வரும் காவலனின் காலடியை வைத்தே அவன் எந்த அறையில் இருக்கிறான் என்று கணிக்கலாம். சந்தேகம் வந்தால் அவன் தனக்குத்தானே முணுமுணுப்பான். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் எலியாக இருக்கும் என்று சமாதானமாகிவிடுவான்.

கடினமான நிலையைத் தேர்ந்தெடுத்தால் எதிரிகளின் பலத்தை ஏற்றிவிடுவதோடு மற்ற விளையாட்டுகள் நின்றுவிடும். தீஃப் நம் ஒழுக்கத்தை ஏற்றுகிறது: இன்னும் நிறையத் திருடு, ஆனால் ஆளைக் கொல்லாதே. கையில் கிடைக்கும் வரைபடமோ யாரோ அவசரத்தில் கிறுக்கியது. ஒரு மாளிகையில் உள்ளே போகப் போக அது பாதியில் நின்றுவிடும். அதற்கப்பால் அறைகளே கோணல்மாணலாகத் திரும்பிக் கிடக்கும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்து இதை ஆடியவர்களுக்கு, வீட்டில் பின்னால் யாராவது வந்து தோளைத் தொட்டால் உயிர் போய் உயிர் வரும்.

பயத்தை இன்னொரு வழியில் இறுக்கியது 2014இல் வந்த 'ஏலியன்: ஐசொலேஷன்'. அதில் வேட்டை மிருகத்துக்கு இரண்டு மூளை வைத்தார்கள். ஒன்றுக்கு நாம் இருக்கும் இடம் எப்போதும் தெரியும். ஆனால் அது சுற்றுவட்டாரத்தை மட்டும் காட்டிக்கொடுக்கும். மற்றது கண்ணையும் காதையும் நம்பித் தேட வேண்டும். தானாகவே வந்து கவ்வினால் ஆடுபவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். பக்கத்து அறை வரை வந்து மோப்பம் பிடித்தால் பயம் வரும்.

எழுதாத வழிகள்

லுக்கிங் கிளாஸ் 2000 மே மாதத்தில் மூடப்பட்டது. அடுத்த மாதமே, அங்கே பணியாற்றிய வாரன் ஸ்பெக்டரின் தலைமையில் 'டியஸ் எக்ஸ்' வெளியானது. 2052ஆம் ஆண்டில் நடக்கும் சதிக்கதை. ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் நுழைய பூட்டைத் திறப்பது, கணினியில் புகுவது, காற்றுக் குழாயில் ஊர்வது, ஆளைப் பேசி மடக்குவது என்று நாலைந்து வழி உண்டு. அதன் பெருமை, செய்தவர்களே யோசிக்காத வழிகளும் வேலைசெய்தது. சுவரில் ஒட்டும் கண்ணிவெடிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பதித்து, அதில் கால் வைத்து ஏறி, தாண்டவே முடியாது என்று நினைத்த மதிலை ஆடுபவர்கள் தாண்டினார்கள். வெடிக்கு ஒட்டும் குணமும் திடமும் உண்டு என்று விதி சொன்னதால் அது படியாகிவிட்டது.

இன்னொரு இடம். அண்ணன் பாலின் விடுதி அறையைப் படை சூழ்கிறது. "நீ ஜன்னல் வழியாகத் தப்பிவிடு" என்கிறான் பால். சொன்னபடி ஜன்னலில் குதித்தால், பிறகு அவன் பிணத்தைப் பார்க்க நேரும். பேச்சைக் கேட்காமல் கூடவே நின்று சண்டையிட்டு வாசல் வழியாக வெளியேறினால் அவன் பிழைக்கிறான். பின்னால் வந்து நம்மோடு பேசவும் செய்கிறான். இப்படி ஒரு தேர்வு இருப்பதை விளையாட்டு எங்கும் சொல்வதில்லை. 'ஆம், இல்லை' என்று இரண்டு பொத்தான் காட்டியிருந்தால் அது வினாத்தாள். சொல்லாமல் விட்டதால் அது பாசமாயிற்று.

இந்தப் பரம்பரையில் வந்தவர்கள் ஒருவருக்கொருவர் அடையாளம் காட்டிக்கொள்ள ஓர் எண் உண்டு. லுக்கிங் கிளாஸின் 'சிஸ்டம் ஷாக்'கில் முதல் கதவின் பூட்டு எண் 451. டியஸ் எக்ஸில் அது 0451. அதன்பின் பல விளையாட்டுகளில் முதல் பூட்டுக்கு அதே எண்தான். 2017இல் ஆர்க்கேன் நிறுவனம் செய்த 'ப்ரே'யிலும் அதைப் போட்டுப் பார்க்கலாம். விண்வெளி நிலையம் ஒன்றில் நடக்கும் அந்த விளையாட்டில், ஃபோம் அம்பு எய்யும் பொம்மை வில் ஒன்று கிடைக்கும். யாருக்கும் காயம் படாது. ஆனால் உடைந்த கண்ணாடியின் இடுக்கு வழியே குறிபார்த்து எய்தால், உள்ளே இருக்கும் கணினியின் தொடுதிரையை அது அழுத்தும். பூட்டிய கதவு திறக்கும். நிலையத்தில் பணியாற்றிய ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொருவரும் எங்கே போனார், என்ன ஆனார் என்று தேடிப் போகலாம். பெரும்பாலும் பிணமாகத்தான் கிடைப்பார்கள். ஆயினும் பெயரோடு கிடைப்பார்கள்.

விசாரித்துப் போகிற ஊர்கள்

திறந்த வெளி உலகங்களின் கதை வேறு. 2002இல் வந்த 'மாரோவிண்ட்' ஒரு பெரிய தீவில் நம்மை இறக்கிவிட்டது. போகும் இடத்துக்கு அம்புக்குறி கிடையாது. "ஆற்றை ஒட்டிப் போ, பாலம் தாண்டியதும் வலது கைப்பக்கம் திரும்பு" என்கிற பாணியில்தான் வழி சொல்வார்கள். சில வேளை தவறாகவும் சொல்வார்கள். கதைக்கு அவசியமான ஒருவரை நாம் கொன்றுவிட்டால், தீர்க்கதரிசனத்தின் இழை அறுந்தது என்று ஓர் அறிவிப்பு வரும். முன்பு சேமித்த இடத்துக்குத் திரும்பலாம், அல்லது நாமே கெடுத்த உலகில் தொடர்ந்து வாழலாம். அதே நிறுவனம் 2006இல் 'ஆப்லிவியன்' செய்தபோது எல்லா வசனத்தையும் குரலில் பதிவு செய்தது. திசைகாட்டியில் இலக்கின் குறியும் வந்து உட்கார்ந்தது. வசதிதான். ஆனால் அன்று முதல் நாம் மலையைப் பார்த்து நடப்பதை விட்டு, குறியைப் பார்த்து நடக்கத் தொடங்கினோம். 2015இன் 'விட்சர் 3' எழுத்தில் ஒப்பற்றது; குடிகாரப் பிரபு ஒருவனின் குடும்பக் கதையை அதில் ஆடிய யாரும் மறப்பதில்லை. அதன் வரைபடமெங்கும் இறைந்து கிடக்கும் கேள்விக்குறிகளோ சரக்குப் பட்டியலைத்தான் நினைவூட்டுகின்றன.

கீவ் நகரின் ஜிஎஸ்சி குழு 2007இல் செய்த 'ஸ்டாக்கர்: ஷேடோ ஆஃப் செர்னோபில்' எதிர்த்திசையில் நடந்தது. உண்மையான செர்னோபில் விலக்கு மண்டலத்துக்கே போய்ப் படம் எடுத்துவந்து செய்த உலகம். கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள் வழியெல்லாம் உண்டு. சட்டைப்பையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து முன்னால் வீச வேண்டும். அது காற்றில் சுழன்றால் விலகிப் போக வேண்டும். நாம் இல்லாத இடத்திலும் மிருகங்களும் மனிதர்களும் தங்கள் பாட்டுக்கு அலைந்து சண்டையிட்டுக்கொண்டிருப்பார்கள். செக் நாட்டின் 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' (2018) இன்னும் ஒருபடி மேலே போனது. 1403இன் போஹிமியாவில் கொல்லன் மகன் ஹென்றிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பித் தெரியும். எழுத்தரிடம் பாடம் கேட்டுப் பழகப் பழகத்தான் சொற்கள் சீராகும். கல்லாமை என்ன என்பதை இத்தனை நேரடியாக எந்த நாவலாலும் காட்ட முடியாது.

தெரிந்துகொண்டதே திறவுகோல்

கடந்த பத்தாண்டுகளின் சிறந்த வேலை சிறு குழுக்களிடமிருந்து வந்தது. லூகாஸ் போப் ஏறத்தாழ ஒற்றை ஆளாகச் செய்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' (2018) இரண்டே நிறத்தில் வரைந்தது. 1807இல் ஆளில்லாமல் கரை சேர்ந்த கப்பலில், அறுபது பேரின் கதி என்ன என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக நாம் எழுத வேண்டும். ஒவ்வொரு சாவின் கடைசி நொடியும் உறைந்த காட்சியாகக் கிடைக்கும். பெயர் யாரும் சொல்ல மாட்டார்கள். தூங்கும் தொங்கு படுக்கையில் எழுதிய எண்ணும், அதற்கு வெளியே நீட்டிய காலில் உள்ள செருப்பும்தான் தடயம். மூன்று பேரின் கதியைச் சரியாகக் கண்டுபிடித்த பிறகுதான் விளையாட்டு அதை உண்மை என்று ஒப்புக்கொள்ளும். அதனால் குருட்டாம்போக்கில் எழுதித் தப்ப முடியாது.

2019இல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' ஒரு குட்டிச் சூரியக் குடும்பம். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும்; மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆயுதம் சேராது, பலம் கூடாது. முந்தைய சுற்றில் தெரிந்துகொண்டது மட்டுமே மிஞ்சும். முடிவை எட்டும் வழி தெரிந்திருந்தால் முதல் சுற்றிலேயே முடித்துவிடலாம், தெரியாததுதான் பூட்டு. வெவ்வேறு கிரகங்களில் தனித்திருக்கும் பயணிகள் ஆளுக்கொரு வாத்தியம் வாசிப்பார்கள். தொலைவில் நின்று கருவியைத் திருப்பினால் எல்லாம் ஒரே பாட்டாக இணையும். அதே ஆண்டின் 'டிஸ்கோ எலிசியம்' எஸ்டோனிய எழுத்தாளர்கள் கூடிச் செய்தது. பத்து லட்சம் சொற்களுக்கு மேல்; சண்டைக்கென்று தனி ஏற்பாடே இல்லை. நாயகனின் 24 திறன்களும் அவன் தலைக்குள்ளிருந்து பேசும், ஒன்றையொன்று மறுக்கும், பொய்யும் சொல்லும். உடல் வலுவில்லாதவனாக அவனை அமைத்துக்கொண்டால், மின்விசிறியில் தொங்கும் டையை எடுக்கப் போய் மாரடைப்பில் சாகலாம்.

தமிழருக்கு நெருக்கமான சிறு படைப்பும் இங்கே உண்டு. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தைப் பற்றி டொரோண்டோவில் செய்த 'வெண்பா' (2023). அம்மாவின் சமையல் குறிப்பேடு கறைபட்டும் கிழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன வரியை யோசித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை அடுக்கும்போது ஓட்டைகளை எப்படி வைத்தால் ஆவி மேலே ஏறும் என்பதே ஒரு புதிர். சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சொல்லாமல் விட்டதை நிரப்ப வைக்கிற அதே உத்திதான் அங்கும்.

இனி யார் செய்வார்

இந்த வகைக்குப் பாராட்டு எப்போதும் கிடைத்திருக்கிறது. பணம் எப்போதும் வந்ததில்லை. ப்ரேயைச் செய்த ஆர்க்கேனின் ஆஸ்டின் கிளை 2024 மே மாதத்தில் மூடப்பட்டது. காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. ஒரு சுவரை ஏறியும் துளைத்தும் சுற்றியும் கடக்கலாம் என்றால் மூன்று வழிக்கும் உழைக்க வேண்டும். ஆடுபவர் ஒன்றைத்தான் பார்ப்பார். தனியாக ஆடும் விளையாட்டு ஒருமுறை விற்கும். முடிந்ததும் ஆடியவர் எழுந்து போய்விடுவார். கூட்டாக ஆடும் விளையாட்டில் தினமும் புதுச் சட்டை, புதுத் துப்பாக்கி என்று விற்றுக்கொண்டே இருக்கலாம். கணக்குப் பார்க்கிறவர்கள் எதில் முதல் போடுவார்கள் என்பதில் மர்மம் இல்லை.

ஆனாலும் ஓப்ரா டின்னும் அவுட்டர் வைல்ட்ஸும் காட்டியது என்னவென்றால், இந்த வகைக்குத் தேவை பெரிய முதலீடு அல்ல, பொறுத்து யோசிக்கும் சில ஆண்டுகள். எனவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: விலையையும் கிராஃபிக்ஸையும் பிறகு பாருங்கள். அமைப்புகளுக்குள் போய், குறிகள், அம்புகள், நினைவூட்டல்கள் அனைத்தையும் அணைத்துவிட்டு அரை மணி நேரம் ஆடிப்பாருங்கள். அதற்குப் பிறகும் எங்கே போவது என்று சுவரும் சத்தமும் மனிதர்களும் சொல்லிக்கொடுத்தால், அதை வாங்கலாம். திக்குத் தெரியாமல் நின்றுவிட்டால், அங்கே இருந்தது உலகம் அல்ல, குறிகள் மட்டும்தான்.