பன்னிரண்டு நிமிட அமெரிக்கா

வரலாற்றுப் பாடத்தை 'இன்னொண்ணு போடுங்க மிஸ்' என்று பிள்ளைகள் கெஞ்சிக் கேட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேப்பம்பட்டு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் என் வீட்டு ஹாலில், டியூஷன் நேரத்தில். கேட்பது சினிமா இல்லை, கிரிக்கெட் இல்லை. அமெரிக்கச் சுதந்திரப் போர்!

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் 'புரட்சிகளின் காலம்' என்று ஒரு பாடம் இருக்கிறது. முத்திரைச் சட்டம், பாஸ்டன் தேநீர் விருந்து, 1776, 1783 என்று வரிசையாக வரும். பிள்ளைகள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேரின் அப்பா அம்மா காக்களூரிலோ திருமழிசையிலோ ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர்கள். 'அமெரிக்காக்காரன் டீயைக் கடல்ல கொட்டினா நமக்கென்ன மிஸ்?' என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

பதில் 'க்ராஷ் கோர்ஸ்' யூடியூப் சேனலில் கிடைத்தது. ஜான் கிரீன், ஹேங்க் கிரீன் என்ற அண்ணன் தம்பி இருவரும் 2012-இல் தொடங்கியது. அதில் அமெரிக்க வரலாற்றுத் தொடர் 2013-இல் வந்தது. ஒவ்வொரு பாகமும் ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம். ஜான் கிரீனை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் கடைசிப் படமான 'தில் பேச்சாரா' யாருடைய நாவல் என்று நினைக்கிறீர்கள்? இவருடையதுதான். இதைச் சொன்னதுமே பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

இதைவிட என்னை உருக்கியது வேறொன்று. அந்தத் தொடரின் வசனத்தை எழுதிய ரவுல் மேயர், ஜான் கிரீனுக்குப் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்த வாத்தியார்! வளர்ந்து பெரிய எழுத்தாளரான மாணவன், தன் வாத்தியாரைத் தேடிப் போய், 'சார், நீங்க எழுதுங்க, நான் பேசுறேன்' என்று நின்றால் எப்படி இருக்கும்? ஆசிரியர் வேலை பார்க்கிற யாருக்கும் இதைக் கேட்டால் தொண்டை அடைக்கும். எனக்கு அடைத்தது.

ஜான் கிரீன் பேசுகிற வேகம் இருக்கிறதே! வேப்பம்பட்டில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் மாதிரி தடதடவென்று போய்விடுவார். நடுவில் ஒரு பழைய கடிதத்தையோ பேச்சையோ எடுத்து வாசித்து, எழுதியது யார் என்று அவரே ஊகிக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் கையிலிருக்கும் பேனா ஷாக் அடிக்கும். அவர் துள்ளுகிற துள்ளலுக்காகவே எங்கள் பிள்ளைகள் அவர் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். தோற்றால் என்ன, அந்தப் பெயர் அவர்களுக்கு மறக்கிறதா பாருங்கள். மறக்கவே மறக்காது.

இந்தச் 'சின்ன வீடியோ' சமாச்சாரத்தில் பலருக்குப் புரியாதது ஒன்று உண்டு. பன்னிரண்டு நிமிடத்தை நான் பன்னிரண்டு நிமிடத்தில் முடிப்பதே இல்லை. வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்து வைப்பேன். ஆங்கில வசனம் கீழே ஓடும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தமிழில் பேசுவோம், சண்டை போடுவோம். முக்கால் மணி நேரம் ஓடிப் போயிருக்கும். அரை மணி நேரப் பாடத்தை இப்படி நிறுத்தி நிறுத்திப் போட்டால் எழுந்து ஓடிவிடுவார்கள். குட்டியாக இருப்பதால்தான் திரும்பத் திரும்பப் பார்க்க முடிகிறது.

ஆறாவது பாகம் வரியும் கடத்தலும் பற்றியது. பாஸ்டனில் 1773 டிசம்பர் 16-ஆம் தேதி ராத்திரி 342 பெட்டித் தேயிலை கடலில் விழுந்தது. யாருடைய தேயிலை? கிழக்கிந்தியக் கம்பெனியினுடையது! நம் சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கம்பெனி. 1770 வங்கப் பஞ்சமும் போர்ச் செலவும் கம்பெனியைக் கடனில் தள்ளின. அதைத் தூக்கி நிறுத்தத்தான் லண்டன் தேயிலைச் சட்டத்தையே கொண்டுவந்தது. இங்கே வீடியோவை நிறுத்தினேன். 'அப்போ நம்மகிட்ட பிடுங்கினவனும் அவங்ககிட்ட டீ விக்கப் போனவனும் ஒரே ஆளா மிஸ்?' ஆமாண்டா கண்ணு, ஒரே ஆள்தான்!

அதற்கப்புறம் எங்களைப் பிடிக்க முடியவில்லை. 1778-இல் பிரான்ஸ் அமெரிக்கர்கள் பக்கம் சேர்ந்தது. உடனே ஆங்கிலேயர்கள் இந்தியாவிலிருந்த பிரெஞ்சு இடங்களைப் பிடிக்க ஆரம்பித்து, 1779-இல் மாஹேயைக் கைப்பற்றினார்கள். மாஹே வழியாக ஆயுதம் வாங்கிக்கொண்டிருந்த ஹைதர் அலி சும்மா இருப்பாரா? 1780-இல் கர்நாடகச் சமவெளிக்குள் படையோடு இறங்கினார். அவரைத் தடுக்க வடக்கே குண்டூர்ப் பக்கத்திலிருந்து கர்னல் பெய்லி ஒரு படையோடு வந்தார். வந்த வழி எது தெரியுமா? கும்மிடிப்பூண்டி! அப்புறம் கொசஸ்தலை ஆறு. வந்த அன்று ஆற்றில் தண்ணீரே இல்லை. நாளைக்குக் கடக்கலாம் என்று வடகரையில் கூடாரம் அடித்தார். ராத்திரி வெள்ளம் வந்துவிட்டது. செப்டம்பர் முதல் வாரம் வரை அந்தக் கரையிலேயே மாட்டிக்கொண்டார்.

அந்த இழந்த நாட்களுக்கு விலை பெரியது. செப்டம்பர் 6-ஆம் தேதி நம் மாவட்டத்துப் பேரம்பாக்கத்தில் திப்பு அவரை மடக்கினார். 10-ஆம் தேதி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் பொள்ளிலூரில் பெய்லியின் படையே சிதறிப்போனது. பக்கத்திலேயே காஞ்சிபுரத்தில் இருந்த ஆங்கிலேயத் தளபதி மன்றோ, பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். இந்தச் செய்தி எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு கப்பலே சாட்சி. 1782-இல் பென்சில்வேனியா மாகாணம் ஆங்கிலேயருக்கு எதிராக இறக்கிய போர்க்கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'! அந்த ஏப்ரலில் அது 'ஜெனரல் மன்க்' என்ற ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்தது. இதைச் சொன்னபோது என் ஹாலில் விசில் பறந்தது. கீழ்வீட்டு அக்கா மேட்ச் நடக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

முடிவு இன்னும் அமர்க்களம். அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் 1782 நவம்பரிலேயே பாரிஸில் பூர்வாங்க ஒப்பந்தம் ஆகிவிட்டது. செய்தி வந்து சேரவில்லை. அதனால் 1783 ஜூனில் நம் கடலூரில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தரையிலும் கடலிலும் அடித்துக்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசியில் செய்தி வந்த பிறகுதான் நின்றது. அமெரிக்கச் சுதந்திரப் போரின் கடைசிச் சண்டை என்று வரலாற்றாசிரியர்கள் பலர் குறிப்பிடுவது இந்தக் கடலூரைத்தான். நமக்கென்ன என்று கேட்ட பையன் வாயைப் பிளந்தபடி இருந்தான்.

இப்போது பிள்ளைகளே ஒன்றரை நிமிட வீடியோ எடுக்கிறார்கள். ஒரு சாயங்காலம் பூண்டிப் பக்கம் போய் கொசஸ்தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை லோக்கலில் சென்ட்ரல் போய்க் கோட்டை அருங்காட்சியகம் பார்த்தோம். அங்கே கார்ன்வாலிஸ் சிலை நிற்கிறது. 1781-இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த அதே கார்ன்வாலிஸ், ஐந்தே வருஷத்தில் இந்தியாவில் கவர்னர் ஜெனரல்! சிலையின் பீடத்தில் திப்புவின் பிள்ளைகளைப் பிணையாக வாங்கும் காட்சி செதுக்கியிருக்கிறது. 'அங்க தோத்துட்டு இங்க வந்து நமக்கு வாத்தியாரா?' என்று ஒருத்தி பேசிய வசனம்தான் அந்த வீடியோவின் தலைப்பு.

இன்னொரு குழு ஐஸ் ஹவுஸை எடுத்தது. பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய கட்டிடம். அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897-இல் தங்கியதும் அங்கேதான். அடுத்தது எலிஹு யேல். கோட்டையின் தலைவராக 1687 முதல் 1692 வரை இருந்தவர். 1718-இல் அவர் அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 புத்தகங்களும் ஒரு கல்லூரிக்கு யேல் என்ற பெயரைக் கொடுத்தன. அவர் தலைமையில் இங்கிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டதையும் பிள்ளைகள் விடவில்லை. சேர்த்துத்தான் சொன்னார்கள். அந்த விஷயத்தில் எனக்குப் பெருமை அதிகம்.

அடிமை முறை பற்றிய பதின்மூன்றாம் பாகத்தில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் இந்தியா வந்ததைச் சொன்னேன். திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்தவர், யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று ஏற்றுக்கொண்டார். இதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இதற்குப் பிறகு பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு அந்தச் சாயங்காலம் போதவில்லை.

குறையே இல்லையா? உண்டு. அமெரிக்க ஜோக் பாதி நமக்கு ஒட்டாது. பொள்ளிலூரையும் கடலூரையும் நாம்தான் நடுவில் செருக வேண்டும். தமிழில் 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. 2023-இல் வந்த மணற்கேணி செயலி பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வீடியோவாகத் தருகிறது. நல்ல வேலை, நானும் போடுகிறேன். ஆனாலும் கொஞ்சம் குறும்பு வேண்டும் சாமி! பரீட்சைக்கு மட்டும் பேசினால் பிள்ளை பரீட்சை வரைக்கும்தான் கேட்கும்.

ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறவர்களே, இந்த வருஷம் 'புரட்சிகளின் காலம்' வரும்போது க்ராஷ் கோர்ஸின் ஆறாவது பாகத்தைப் போட்டுப் பாருங்கள். காசு கிடையாது. வேகத்தைக் குறைத்து வையுங்கள், தேயிலைப் பெட்டி வந்ததும் நிறுத்தி, கம்பெனி யாருடையது என்று கேளுங்கள். மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.